நாலு ஃபவுல் இனாம்

"நாலு இனாம். அஞ்சாவதுல இருந்து காத்து பாத்துக்கும்."

இதைச் சொன்னவர் ஒரு கன்னியாஸ்திரி. என் நாற்காலிக்கு இரண்டடி தள்ளி, பன்னிரண்டு பெண் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொள்ளக்கூட இல்லை. என் காது இன்னும் நன்றாகக் கேட்கிறதே என்று நான் வருத்தப்பட்டது அன்றுதான்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எந்த மேசைக்குப் போய், எங்கே எத்தனை நாள் தூங்கி, யாருடைய கையொப்பத்தில் விழித்துக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மதுரையில் கல்லூரியில் படித்தபோது கூடைப்பந்து அணியில் இருந்தேன். ஆடியது கொஞ்சம், பெஞ்சில் உட்கார்ந்து விதிப்புத்தகம் படித்தது அதிகம். அந்தப் படிப்புதான் இன்றுவரை சோறு போடுகிறது. அதாவது, போட்டி நடத்துகிறவர்கள் மதியம் ஒரு பொட்டலம் தருவார்கள். மாவட்டத்தில் எங்கே கூடைப்பந்து நடந்தாலும் மேசைக் கண்காணிப்புக்கு என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. புள்ளி எழுதுபவருக்கும் நேரம் பார்ப்பவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இருவரும் தப்பு செய்யாமல் பார்த்துக்கொள்வது வேலை. நடுவர் ஊதுவதைப் பற்றிக் கருத்துச் சொல்வது என் வேலை அல்ல. அன்று முழுவதும் இந்தக் கடைசி விதியைத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினேன்.

பள்ளிப் பெண்களுக்கான மாவட்ட இறுதிப் போட்டி. ராமேஸ்வரம் தீவில், தென்கடலை ஒட்டிய ஒரு பள்ளி மைதானம். கடல் பக்கம் மதில் கிடையாது. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதம். மதியம் நான் போட்டுக்கொண்டு போன தொப்பி, மைதானத்துக்குள் நுழைந்ததும் என்னைவிட்டு விலகிப் போய்விட்டது. ஒரு பக்கம் இந்தத் தீவுப் பள்ளி அணி, எல்லாம் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். எதிரில் ராமநாதபுரத்து டவுன் பள்ளி. அவர்கள் வேனில் வந்திறங்கினார்கள். ஆளுக்கொரு காலணிப் பை, பெயர் அச்சடித்த தண்ணீர் பாட்டில். அவர்கள் ஆடிப் பழகிய இடம் மூன்று பக்கமும் வகுப்பறைக் கட்டடம் சூழ்ந்த மைதானம்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு அம்மா மேசைக்கு வந்தார். காலி மீன்கூடையைச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சார், இதுல செயிச்சா அந்த சர்ட்டிபிகேட்டு வருமா?"

"எந்த சர்ட்டிபிகேட்டும்மா?"

"காலேஜிக்கு எழுதிப் போடுவாகளே, வெளையாட்டுல வந்த புள்ளன்னு."

தீவு அணியின் கேப்டன் இவர் மகள். பன்னிரண்டாம் வகுப்பு. ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும், போய் ஆடினால் சான்றிதழ் வரும், அதைவைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன். தோற்றால் அடுத்த வருஷம் பார்க்கலாமே என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு முடித்துவிட்டால் பள்ளி அணியில் இடம் இல்லை.

"மூத்தவ திருப்பூரு மில்லுல கெடக்குறா சார். வருசத்துக்கு ஒருக்கா கோயில் திருநாளுக்கு வாரா. இவளயும் அங்கனயே அனுப்பிருன்னு அவுக அப்பா நிக்கிறாரு. மாநிலத்துக்குப் போனா அனுப்ப மாட்டேன்னு அந்தோணியார் முன்னால நின்னு சத்தியம் பண்ணியிருக்காரு." கொஞ்சம் நிறுத்தி, "போதையில இல்லாதப்ப பண்ணுன சத்தியந்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

நடுவர் விசிலை வாயில் வைத்தார்.

முதல் சில நிமிடங்களிலேயே எனக்குத் தலை சுற்றியது. தீவுப் பிள்ளைகள் பந்தைப் பறிக்கப் போகிறார்கள், எதிராளி கையில் அடிக்கிறார்கள், விசில். மறுபடி போகிறார்கள், அடிக்கிறார்கள், விசில். பாவம், யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை போலும் என்று நினைத்தேன்.

விளையாட்டைப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கூடைப்பந்தில் ஒருவர் செய்கிற தப்பு இரண்டு இடத்தில் ஏறும். ஒன்று அவருடைய சொந்தக் கணக்கு. அதில் ஐந்து சேர்ந்தால் அன்றைய ஆட்டத்தில் அவர் வெளியே. இன்னொன்று அணியின் பொதுக் கணக்கு. இது பத்து நிமிடக் கால்பகுதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. பந்தைக் கூடைக்கு எறிந்துகொண்டிருப்பவரைத் தொட்டால் எப்போதுமே அவருக்கு ஃப்ரீ த்ரோ உண்டு. ஆனால் சும்மா தட்டிக்கொண்டு வருகிறவரைத் தொட்டால், அந்தக் கால்பகுதியின் முதல் நான்கு தப்புகளுக்கு எதிரணிக்குக் கிடைப்பது ஓரத்திலிருந்து பந்தை உள்ளே போடுகிற உரிமை மட்டும். ஐந்தாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. கோட்டில் தனியாக நின்று, யாரும் மறிக்காமல், ஐந்து நொடிக்குள் எறியலாம். விழுந்தால் ஒரு புள்ளி. கால்பகுதி முடிந்ததும் அணியின் கணக்கு அழிந்து புதிதாகத் தொடங்கும். மெமோக்களும் இப்படி அவ்வப்போது அழியும் என்றிருந்தால் நான் இன்னும் ஒரு படி மேலே போய் ஓய்வு பெற்றிருப்பேன்.

நான்காவது தப்பு விழுந்து ஆட்டம் தொடர்ந்ததும், அந்த அணியின் பக்கம் மேசையில் ஒரு சிவப்பு அடையாளம் வைக்கவேண்டும். இனித் தொட்டால் த்ரோ என்று எல்லோருக்கும் தெரிவதற்காக. அன்று எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் மக்குகள். பறந்துவிடாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு கல். தீவு அணியின் பக்கம் ஒரு மக்கை வைத்தேன். எனக்குத் தெரிந்த எந்த அணியும் அந்த அடையாளத்தைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொள்ளும். இவர்கள் மக்கைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த நொடியே ஒருத்தியின் மணிக்கட்டில் அடித்தார்கள்.

இரண்டு த்ரோ. டவுன் பெண், ஏழாம் எண், அழகாகக் கோட்டில் நின்றாள். முழங்கை வளைவு, மணிக்கட்டு மடிப்பு எல்லாம் புத்தகத்தில் இருப்பதுபோல. பந்து வளையத்தை நோக்கிப் போனது, பாதி வழியில் மனம் மாறிப் பள்ளிக்கூடக் கழிவறைப் பக்கம் போய்விட்டது. இரண்டாவதும் அதே பாதை. மதில்மேல் உட்கார்ந்திருந்த கூட்டம் கைகொட்டியது.

"ஏலே, பந்து பாலம் தாண்டி மண்டபத்துக்கு பஸ் ஏறிருச்சுடா!"

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. டவுன் அணி டைம் அவுட் கேட்டது. அந்த ஒரு நிமிடத்தில்தான், தீவு அணியின் கோச்சான கன்னியாஸ்திரி சொன்ன அந்த முதல் வாக்கியம் என் காதில் விழுந்தது. அதோடு முடியவில்லை.

"எறியறப்ப தொடாதீக. தட்டிக்கிட்டு வாரப்ப தொடுங்க. பந்தப் பாத்துப் போங்க, பந்துல கை படணும், அப்பறம் அவ கையில பட்டா பரவாயில்ல. பின்னாலருந்து புடிச்சு இழுத்தா த்ரோவும் குடுத்துப் பந்தையும் குடுத்துருவாக. பன்னெண்டு பேரு இருக்கீக. ஆளுக்கு நாலு வச்சிருக்கோம். எத்தன?"

"நாப்பத்தெட்டு சிஸ்டர்!"

"போங்க."

நாற்பத்தெட்டு. ஐந்தாவதில் ஆள் வெளியே என்பது தண்டனை என்று இத்தனை வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை ஆளுக்கு நான்கு என்று ரேஷன் மாதிரிப் பங்கு பிரித்து வைத்திருக்கிறார் இந்த அம்மா. விதி எதையும் அவர் மீறவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எறிகிறவளைத் தொடுவது, வேண்டுமென்றே இழுப்பது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமெல்லாம் என்னைவிடச் சுத்தமாகத் தெரிந்து வைத்திருந்தார்.

இடைவேளையில் தேநீர் வந்தது. சிஸ்டர் தன் டம்ளரோடு மேசைப் பக்கம் வந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளை அங்கியின் கீழே ஓட்டக் காலணி.

"சிஸ்டர், புள்ளைகளுக்கு வேணும்னே ஃபவுல் பண்ணச் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?"

"வேணும்னே இல்ல சார். பந்தப் பறிக்கப் போறாக. கை பட்டுருது."

"அத்தனை தடவையும் பட்டுருதா?"

"காத்து சார். கை தள்ளிப் போயிருது."

முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. நான் விடவில்லை.

"நீங்க ஒரு துறவி. இது பாவம்னு தோணலையா?"

தேநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்: "பாவம் வேற, ஃபவுல் வேற சார். பாவத்துக்கு சாமியார்கிட்ட போய்ச் சொல்ற பாவசங்கீர்த்தனம் இருக்கு. ஃபவுலுக்கு ரெண்டு த்ரோ இருக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிட்டா ரெண்டுமே ஒழுங்கா நடக்காது. அவுக த்ரோவ அவுக போட வேண்டியதுதான? நாங்களா காத்த விட்டோம்?"

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புள்ளித்தாளைச் சரிபார்க்கத் தொடங்கினேன்.

தீவுப் பிள்ளைகளுக்கு மட்டும் காற்று எப்படி இடைஞ்சல் செய்யவில்லை என்பதை மூன்றாவது கால்பகுதியில் பார்த்தேன். டவுன் பெண்களும் சில தப்புகள் செய்தார்கள். தீவு கேப்டன் கோட்டுக்கு வந்தாள். நெட்டையான பெண், பின்னலை மடித்துக் கட்டியிருந்தாள். அவள் வளையத்தைப் பார்க்கவே இல்லை. வளையத்துக்கு வெளியே, கடல் பக்கம், வெறும் ஆகாயத்தைப் பார்த்தாள். அங்கேதான் எறிந்தாள். போன பந்தைக் காற்று பிடித்து, தோளில் கை போட்டு அழைத்து வருவதுபோலக் கூட்டிவந்து கூடைக்குள் இறக்கியது.

"கடலப் பாத்து ஒரு மொழம்," என்றார் பக்கத்தில் புள்ளி எழுதிக்கொண்டிருந்த உள்ளூர் ஆசிரியர், உலகத்துக்கே தெரிந்த விஷயம்போல. "அதான் இங்கன அளவு சார்."

இப்படியே போயிருந்தால் தீவு அணி சுலபமாக ஜெயித்திருக்கும். ஆனால் டவுன் அணிக்கு ஓடத் தெரியும், பந்தைக் கைமாற்றத் தெரியும். த்ரோவில் விட்டதை ஓட்டத்தில் பிடித்தார்கள். நான்காவது கால்பகுதியில் தீவு அணியின் பக்கம் மறுபடி சிவப்பு மக் ஏறியது. வெயில் சாய்ந்தது. முன்னும் பின்னுமாகப் போய், கடைசிச் சில நொடிகள் இருக்கும்போது டவுன் அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. பந்து தீவு கேப்டனிடம்.

டவுன் கோச் மேசையைப் பார்த்தார். அவர் பக்கம் மக் இல்லை. மூன்று தப்புதான் ஆகியிருந்தது. அதுவரை மரியாதையாக ஆட்டம் நடத்திய மனிதர், சிஸ்டரின் மாணவராக மாறியதை என் கண்ணால் பார்த்தேன்.

"ஒண்ணு சும்மா கெடக்குது! புடி! புடி!"

ஏழாம் எண் பாய்ந்து கேப்டனின் கையில் தட்டினாள். விசில். நான்காவது. த்ரோ கிடையாது, ஓரத்திலிருந்து பந்து. நேரம் இன்னும் குறைந்தது. நான் இன்னொரு மக்கைத் தேடி எடுத்து அவர்கள் பக்கம் வைத்தேன். பந்து உள்ளே வந்தது, கேப்டன் வாங்கினாள். ஏழாம் எண்ணுக்கு என்ன ஆனதோ, உற்சாகத்தில் மறுபடியும் தட்டிவிட்டாள். ஐந்தாவது. டவுன் கோச் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தார்.

இரண்டு த்ரோ. இரண்டும் விழுந்தால் வெற்றி. கடிகாரத்தில் ஒரு நொடிதான் இருந்தது. மதில்மேல் கூட்டம் எழுந்து நின்று பாட ஆரம்பித்தது. நாள் முழுக்கத் த்ரோவைத் தவறவிடாத பெண். அவள் கோட்டுக்கு வந்தாள், கடல் பக்கம் ஆகாயத்தைப் பார்த்தாள், எறிந்தாள்.

பந்து அவள் பார்த்த இடத்துக்கே போனது. வளையத்துக்கு ஒரு முழம் தள்ளி, எதையும் தொடாமல், நேராகத் தரையில் விழுந்தது.

பாட்டு பாதியில் நின்றது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கேப்டன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் என் முன்னால் இருந்த தாள்கள் படபடக்காமல் கிடப்பதைக் கவனித்தேன். எப்போது நின்றது என்று தெரியவில்லை. மதிலுக்குப் பின்னாலிருந்த தென்னை ஓலைகள் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன.

மீன்கூடை அம்மாதான் முதலில் கத்தினார். "ஏ புள்ள! காத்து ஓஞ்சுருச்சுடீ! வளையத்தப் பாத்துப் போடு!"

அந்தப் பெண் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. "காத்து இல்லாம எனக்குப் போடத் தெரியாதே சிஸ்டர்" என்றாள், அழுகிற குரலில்கூட இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிற குரலில்.

நடுவர் பந்தைக் கொடுத்தார். ஐந்து நொடி. அவள் வளையத்தை, அன்றைக்கு முதல்முறையாக, நேராகப் பார்த்தாள். எறிந்த பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடித்து, மேலே எழும்பி, பலகையில் பட்டு, உள்ளே விழுந்தது. சமன்.

மிச்சமிருந்த ஒரு நொடியில் டவுன் அணியால் எதுவும் செய்ய முடியவில்லை. சமன் என்றால் கூடுதல் நேரம், ஐந்து நிமிடம். சிஸ்டர் மேசைக்கு வந்து, தன் பக்கத்திலிருந்த சிவப்பு மக்கை எடுத்துக் கல்லைக் கீழே கொட்டினார்.

"சிஸ்டர், அத வைங்க."

"புது ஆட்டம்ல சார்?"

"இல்ல. கூடுதல் நேரம்னா நாலாவது குவார்ட்டரோட நீட்சி. உங்க கணக்கு அழியாது. அப்படியே தொடரும்."

"அப்ப நாலு இனாம்?"

"கிடையாது. மொத ஃபவுல்லயே த்ரோ."

அவர் மக்கைக் கையில் வைத்துக்கொண்டு தென்னை மரங்களைப் பார்த்தார். ஓலை அசையவில்லை. நாள் முழுக்க அசையாத அந்த முகம் அப்போது வெளுத்தது. "காத்தும் இல்ல, கணக்கும் அழியாதா?" என்றார், என்னிடம் அல்ல. பிறகு மக்கை இருந்த இடத்தில் வைத்து, குனிந்து கல்லைத் தேடியெடுத்து உள்ளே போட்டார்.

பிள்ளைகளிடம் போய் அவர் சொன்னது ஒரே வரி. "இனிமே யாரையும் தொடக்கூடாது."

பன்னிரண்டு பேரும் ஏதோ அந்நிய மொழி கேட்டதுபோல அவரைப் பார்த்தார்கள்.

"தொடாம எப்புடி சிஸ்டர் மறிக்கிறது?" என்றாள் கேப்டன்.

"கையத் தூக்கிக்கிட்டு நில்லு. மாதா சொரூபம் மாதிரி நில்லு."

மாதா சொரூபத்தில் கை அப்படியா இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த ஐந்து நிமிடம் நான் பார்த்தது வேறொரு ஆட்டம். தீவுப் பிள்ளைகள் கைகளை ஆகாயத்தில் நீட்டியபடி, எதிராளியின் முன்னால் காலை மட்டும் நகர்த்திக் குறுக்கே குறுக்கே வந்தார்கள். தங்கள் கைகளைப் பார்த்தே அவர்களுக்குப் பயம். ஒருத்தி மறதியில் தட்டிவிட்டாள். டவுன் பெண் காற்றில்லாத வெளியில் இரண்டையும் போட்டாள். சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேப்டன் தூரத்திலிருந்து ஒன்று போட்டாள், அடுத்து ஓடிப்போய் ஒன்று. கடைசியில் தீவு அணி ஒரு புள்ளி முன்னால். பந்து டவுன் ஏழாம் எண்ணிடம்.

அவள் தட்டிக்கொண்டு நேராக வந்தாள். கேப்டன் குறுக்கே போய், இரண்டு காலையும் ஊன்றி, கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஏழாம் எண் நிற்கவில்லை. தோள் கேப்டனின் நெஞ்சில் இடித்தது. இருவரும் விழுந்தார்கள். விசில்.

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "யாரு? யாரு மேல?" என்று என்னைக் கேட்டார். தப்பு கேப்டனுடையதென்றால் எதிராளிக்கு இரண்டு த்ரோ, ஆட்டம் அங்கேயே முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். நடுவர் ஒரு கையை முஷ்டி பிடித்து எதிர்த்திசையில் நீட்டினார். பந்து வைத்திருந்தவள் செய்த தப்பு. நின்றவளை இடித்திருக்கிறாள்.

உடனே மதில் வெடித்தது. "டவுனுக்கும் அஞ்சு தாண்டிருச்சுல? ரெண்டு த்ரோ குடு!"

மீன்கூடை அம்மா என் மேசைக்கே வந்துவிட்டார். "ஏ பெரியவரே, எங்க புள்ளைக்கு த்ரோ எங்க? அவுகளுக்கு ஒரு ஞாயம், எங்களுக்கு ஒரு ஞாயமா?"

"பந்து வச்சிருந்த அணி பண்ணுன ஃபவுலுக்கு த்ரோ கிடையாதும்மா. கணக்குல ஏறும். ஆனா பந்து மட்டுந்தான் கிடைக்கும்."

"அது என்ன ஞாயம்?"

"விதிம்மா."

"நாள் பூரா தொட்டதுக்கு அவளுகளுக்கு த்ரோ குடுத்தீக. தொடாம நின்னு இடி வாங்குனவளுக்கு ஒண்ணும் இல்லயா?"

அந்த விதியை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். யாரும் இப்படிக் கேட்டதில்லை. அதற்குள் பந்து உள்ளே வந்தது, தீவுப் பிள்ளைகள் இரண்டு தடவை கைமாற்றினார்கள், நேரம் முடிந்தது. நேரம் பார்ப்பவர் மணியடித்தார்.

ஜெயித்துவிட்டார்கள். கூட்டம் உள்ளே இறங்கியது. சிஸ்டர் கண்ணைத் திறந்தார். யாரோ கேப்டனைத் தூக்கப் போனார்கள், அவள் விலகிக்கொண்டு நேராக நடுவரிடம் போனாள்.

"நான் தொடல சார்."

"தெரியும்மா. நாந்தான ஊதுனேன்."

அவள் மேசைக்கு வந்தாள். நெஞ்சில் இடி வாங்கிய இடத்தைக் கையால் பிடித்திருந்தாள். "சார், நான் தொடவே இல்ல." எழுதியாகிவிட்டது, உன் கணக்கில் எதுவும் ஏறவில்லை, நீங்கள் மாநிலப் போட்டிக்குப் போகிறீர்கள் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். கேட்ட மாதிரி தெரியவில்லை. டவுன் ஏழாம் எண்ணிடம் போனாள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளிடமும் அதையே சொன்னாள். டவுன் கோச்சிடம் சொன்னாள். வாயில் மிட்டாயைத் திணிக்க வந்த தோழிகளிடம் சொன்னாள். "சத்தியமா தொடல. கை மேல இருந்துச்சு. பாத்தீகள்ல?"

அம்மா அவளைப் பிடித்து நிறுத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"தொடலன்னுதான் எல்லாரும் சொல்லுறாகல்ல. அப்பறம் எதுக்குடி அழுவுற?"

"தெரியலம்மா," என்றாள் அவள். "தொடாமயே செயிச்சிருக்கோம்மா."